அக்காமார் கூடிய குளம்

அக்காமார் எல்லோரும் வந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. கோளாறு அதுதான்.

அந்தக் காலத்தில் ஆற்றுக்கு வாய் இருந்தது. குளத்துக்கும் இருந்தது. குருவி பேசும், நட்சத்திரம் பேசும். மனிதர்கள்தான் கொஞ்சமாகப் பேசினார்கள். நல்ல காலம்.

மேகத்துக்குப் பிறந்தவர்கள் எல்லாம் பெண்கள். மூத்தவள் கங்கை. அவளுக்குப் பின் சரஸ்வதி, கோதாவரி, காவிரி என்று வரிசை. ஆளுக்கொரு திசையில் ஓடிக் கடலுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். சரஸ்வதி மட்டும் பாதி வழியில் மண்ணுக்குள் இறங்கியவள், பிறகு தலைகாட்டவில்லை.

கடைசிப் பெண் சின்னி. அவளுக்கு ஓடத் தெரியவில்லை. காவிரிக்குத் தெற்கே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், ஒரு பள்ளத்தில் தங்கிவிட்டாள். குளம். வர வழி உண்டு, போக வழி கிடையாது.

கடலுக்குள் போய் எல்லோரும் சந்தித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கடலுக்குள் கங்கை ஏது, காவிரி ஏது? எல்லாம் உப்பு. ஆளே அடையாளம் தெரியாது. மனசில் இருப்பதைப் புருஷனான கடலிடம் சொல்லலாமென்றால் அவன் காது கொடுக்கிறவன் இல்லை. ராப்பகலாக அவனே பேசிக்கொண்டிருப்பான்.

மேகத்துக்கு இது தெரியும். கரைந்து போகிற நேரத்தில் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வருஷம் பொறந்ததும் எல்லாரும் சின்னி வீட்டுல கூடுங்க. அவளால நகர முடியாது. நீங்கதான் போகணும். மனசுல கெடக்கிறதை ஒருத்திக்கொருத்தி சொல்லி எறக்கி வைங்க. இல்லேன்னா சொமந்தே செத்துப்போவீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா கரைந்து போனாள். வருஷம் எப்போது பிறக்கிறது என்று ஒருத்தியும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் கங்கை வந்தாள். வைகாசி வெயிலில், பனி உருகின தண்ணீரோடு, கைவைத்தால் விறைக்கிற குளிர்ச்சியாக வந்தாள். சின்னிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"எங்கேடி மத்தவளுக?"

"இன்னும் வரலை அக்கா."

"வருஷம் பொறந்தாச்சு. நான் அம்மாந் தொலைவிலேருந்து வந்துட்டேன். கூப்பிடு தூரத்துல கெடக்கிற காவிரிக்கு என்ன கேடு?"

"வந்துடுவா. ரெண்டு நாள் இருங்கக்கா."

"எங்கேருந்து இருக்கிறது? மேலே பனி உருகிக் கொட்டுது. வெள்ளத்தை நடுவழியில நிறுத்திட்டு வந்திருக்கேன்."

பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

ஆடியில் காவிரி வந்தாள். செக்கச்செவேல் என்று புதுத் தண்ணீர். நுரையும் சருகுமாக உள்ளே நுழைந்தவள் நாலு பக்கமும் பார்த்தாள்.

"பெரியவ எங்கே?"

"வந்துட்டுப் போயிட்டாக்கா. வைகாசியிலேயே."

காவிரிக்கு முகம் சுருங்கிற்று. "வருஷம் பொறக்கிறதுக்கு முந்தியேவா? நான் வர்றப்போ இருக்கக்கூடாதுன்னு வந்துட்டு ஓடியிருக்கா. மலை உச்சியில பொறந்தவ இல்ல? அந்த மப்பு."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"அவளுக்கு நீ வக்காலத்தா? நல்லா இரு. வயக்காட்டுல மடையைத் தொறந்து வச்சுக்கிட்டுக் கத்துறானுக. நான் வர்றேன்."

ஆவணியில் கோதாவரி வந்தாள். அதிகம் பேசாதவள். கரையோரமாக ஒருமுறை சுற்றி வந்தாள். "ஒருத்தியும் இல்லையா?" என்றாள். சின்னி இல்லை என்றாள். "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். காவிரி திட்டினது கூடச் சின்னிக்கு வலிக்கவில்லை. இந்தச் "சரி" வலித்தது.

சரஸ்வதி வரவே இல்லை.

மறு வருஷமும் இப்படித்தான். அதற்கு மறு வருஷமும். வந்தவள் எல்லாம் வராதவளைத் திட்டினாள். கொண்டுவந்த பாரத்தை இறக்கவில்லை, அதன்மேல் கோபத்தையும் ஏற்றிக்கொண்டு போனாள். ஒரு வைகாசியில் கங்கை, "இனிமே எனக்குக் காவிரின்னு ஒரு தங்கச்சி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வைகாசிக்கு அவள் வரவில்லை. அது தெரிந்ததும் காவிரியும் நிறுத்திக்கொண்டாள். கோதாவரி சொல்லாமலே நின்றுவிட்டாள்.

சின்னி தனியாகக் கிடந்தாள்.

ஆறு தனியாக இருந்தால் ஓடிக்கொண்டாவது இருக்கும். குளத்துக்கு அதுவும் இல்லை. ஒரு இலை விழும். வட்டம் கிளம்பிக் கரைக்குப் போகும், திரும்பி வரும், அடங்கும். அடுத்த இலை விழுகிற வரைக்கும் அவ்வளவுதான். ஆடி வந்தால் வடக்கே காவிரி இரைகிற சத்தம் கேட்கும். அதுதான் கொடுமை. தூரத்தில் இருக்கிறவளை மறந்து தொலைக்கலாம். பக்கத்தில் ஓடுகிறவளின் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கும், கூப்பிட்டாலும் வர மாட்டாள். இரண்டொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் இரைச்சல் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடிற்று.

சின்னிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எல்லோரும் ஒரே நாளில் தன் கரைக்குள் நிற்க வேண்டும். ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு வற்றிப்போனாலும் சரி.

ஓர் ஐப்பசியில் வாலாட்டிக் குருவி ஒன்று வந்து படியோரம் இறங்கிற்று. சாம்பலும் வெள்ளையுமாக ஒரு சின்ன உருவம். நின்ற இடத்தில் நிற்காது.

"எந்த ஊரு?" என்றாள் சின்னி. பேச்சுக்கு ஆள் கிடைத்ததே பெரிசு.

"பனி ஊரு. கங்கை பொறக்கிற எடம். அங்கே குளிரு தாங்காதுன்னா இங்கே வருவோம். நீதான் அந்த நன்றிகெட்ட குளமா?"

"என்ன சொன்னே?"

"நான் சொல்லலை தாயே, உங்க அக்கா சொல்றா. வருஷம் பொறந்து பனி உருகினதும் ஓடி ஓடிப் போனேன், தங்கச்சிமாரு ஒருத்தியும் எட்டிப் பாக்கலைன்னு பாறை பாறையா முட்டி அழுவுறா."

சின்னி அதைத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பனி உருகினா வருஷம் பொறக்குமா?"

"பின்னே? கங்கைக்குப் புது வெள்ளம் வந்தாத்தானே புது வருஷம்."

"காவிரிக்கு ஆடியில இல்ல வெள்ளம் வருது..."

"அப்போ அவளுக்கு ஆடியில பொறக்கும். கோதாவரிக்கு ஆவணி. வர்ற வழியிலதானே எல்லாரையும் பாத்துட்டு வர்றேன். ஆத்துக்கு வெள்ளந்தான் வருஷம். இது தெரியாதா உனக்கு?"

தெரியாது. குளத்துக்கு வெள்ளம் ஏது? யார் வந்தாலும் அன்றைக்குத்தான் அவளுக்கு வருஷப் பிறப்பு. மண்ணுக்குள் ஓடுகிற சரஸ்வதிக்கு வெள்ளமே கிடையாது. அவளுக்கு இதுவரை வருஷம் பிறக்கவே இல்லை. அங்கே இருட்டில் இன்னும் காத்துக்கொண்டிருப்பாள்.

ஒருத்தி மேலும் தப்பில்லை. எல்லோரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவரவர் வருஷத்தில்.

"குருவி, எல்லாரும் சும்மா இருக்கிற காலம்னு ஒண்ணு இருக்கா?"

வாலாட்டி வாலை ஆட்டி யோசித்தது. "மாசி. நான் ஊருக்குத் திரும்புற சமயம். காவிரியில அறுப்பு முடிஞ்சு மடையை அடைச்சிருப்பாங்க. கோதாவரி மணல்ல படுத்துக் கெடப்பா. கங்கைக்கு இன்னும் பனி உருகியிருக்காது. எல்லாம் வெட்டியாத்தான் கெடக்கும்."

"அப்போ மாசின்னு சொல்லிடு."

"மாசின்னா ஆத்துக்கு என்ன தெரியும்? கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒண்ணைச் சொல்லு."

சின்னி நிலாவைச் சொன்னாள். மாசியில் முழு நிலா அன்றைக்கு வரச் சொல்லி அனுப்பினாள். குருவி ஊர் திரும்புகிற வழியில் எல்லோரிடமும் சொல்லிற்று, அடுத்த வருஷத்துக்கு. விளைவு? முழு நிலா மாதா மாதம் வருகிறது. கோதாவரி தை நிலாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். கங்கை பனி உருக ஆரம்பித்த பிறகு பங்குனி நிலாவுக்கு வந்தாள். அவளும் ஆள் இல்லாத கரையைப் பார்த்தாள். இந்த முறை திட்டக்கூட இல்லை. காவிரி புறப்படவே இல்லை. இருந்ததும் கெட்டது.

கங்கை போன அன்று சாயங்காலம் கிழக்கே ஒரு வெளிச்சம் எழுந்தது. மற்ற நட்சத்திரம் போல அது மினுக்காது. கண் சிமிட்டாமல் பார்க்கும். வியாழன். வானத்துக் கிழவன். அவன் வழி தனி, அவன் நடை தனி. அவனைவிட வேகமானவர்கள் எல்லாம் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். எவனும் நின்று ஒரு வார்த்தை பேசினது கிடையாது. அவனும் எதிர்பார்க்கிறவன் இல்லை.

சின்னி தன் தண்ணீருக்குள் விழுந்திருந்த அவன் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"பெரியவரே!"

வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருந்தது.

"பெரியவரே, கொஞ்சம் நில்லுங்க."

"நான் நிக்கிறவன் இல்லை. நடக்கிறவன்." குரல் கரகரவென்று இருந்தது. "வேற ஆளைப் பாரு."

"வேற ஆள் இல்லை. எனக்கு யாரும் இல்லை."

கிழவன் போய்க்கொண்டிருந்தான். சின்னி மறுபடி கூப்பிடவில்லை. காவிரியைக் கூப்பிட்டு அலுத்தவளுக்கு இன்னொரு தரம் அலுத்துக்கொள்ளத் தெம்பு இல்லை. தண்ணீரை இறுக்கிக்கொண்டு கிடந்தாள்.

பிறகு நடந்ததை வானத்தில் எவரும் அதற்கு முன் பார்த்ததில்லை. வியாழன் நின்றான். நின்று, வந்த வழியே திரும்பினான். ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நடந்து, குளத்துக்கு நேர் மேலே வந்தான்.

"என்ன சொன்னே? யாரும் இல்லைன்னா? மறுபடி சொல்லு. சுருக்கா."

சின்னி சொன்னாள். அம்மா சொன்னது, அக்காமார் வந்தது, வருஷம் பிறக்கிற குழப்பம், நிலாவை நம்பிக் கெட்டது எல்லாம். சுருக்கமாக அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கிழவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நிலாவை மட்டும் நம்பினா அப்படித்தான்" என்றான் கடைசியில். "மாசியில நிலா முழுசா ஆகிற எடம் மகம். சிங்கத்தோட வீடு. இன்னைக்கு நான் நிக்கிறேனே, இதுதான். ஆனா நிலா முழுசா நின்னா அந்த வெளிச்சத்துல மகம் கண்ணுக்கு அகப்படாது. மாசி நிலாவா பங்குனி நிலாவான்னு எவளுக்குத் தெரியும்? அந்த வெளிச்சத்துலயும் அழியாத மூஞ்சி என் மூஞ்சிதான்."

"அப்போ..."

"பேசவிடு. இருட்டு நாள்ல நான் சிங்க வீட்டுல இருக்கேனான்னு பாத்து வச்சுக்கச் சொல்லு. அப்புறம் நிலா முழுசாகி எம்பக்கத்துல வந்து நிக்கும். அன்னைக்குப் புறப்படட்டும். தப்பாது."

சின்னி குதித்துவிடுவாள் போல அலையெழுப்பினாள். "அடுத்த மாசிக்கே சொல்லி அனுப்பிடறேன்!"

கிழவன் தான் நடக்க வேண்டிய வழியைப் பார்த்தான்.

"அடுத்த மாசிக்கு நான் இங்கே இருக்க மாட்டேன்" என்றான். "ஒரு வீட்டுல ஒரு வருஷம். அப்புறம் அடுத்த வீடு. அங்கே நிலா எங்கூட முழுசா நிக்கிறது பங்குனியில. அப்போ உங்க பெரியவளுக்குப் பனி உருகிடும். அதுக்கடுத்தது சித்திரை. இப்படித் தள்ளித் தள்ளிப் போகும். சுத்தி இதே வீட்டுக்கு நான் வரணும்னா பன்னெண்டு வருஷம்."

"பன்னெண்டா?"

"என் காலு அவ்வளவுதான்."

சின்னி வாய்விட்டுக் கணக்குப் போட்டாள். இந்த மாசி கைக்கெட்டும் தூரத்தில் போயிற்று. இனிப் பன்னிரண்டு வருஷம். இப்போதே சமாதானம் சொல்லி அனுப்பினால் கங்கை வைகாசிக்கு வருவாள், காவிரி ஆடிக்கு வருவாள். ஒவ்வொருத்தியாக வந்துபோவார்கள். பேச்சுத் துணை கிடைக்கும். ஆனால் ஒருத்தியை ஒருத்தி பார்க்க மாட்டார்கள். கோபம் மறுபடி முளைக்கும். கோதாவரி மறுபடி "சரி" என்பாள். சரஸ்வதி இருட்டிலேயே கிடப்பாள்.

"ரெண்டும் நடக்காது" என்றான் கிழவன். "நடுவுல வந்து போய்க்கிட்டிருந்தா எவளும் பன்னெண்டு வருஷத்துக்கு மனசுல நாளை வச்சுக்கிட்டுக் காத்திருக்க மாட்டா. ஒண்ணைச் சொல்லு. எனக்கு நேரமாச்சு."

சின்னி சொன்னாள்.

"நடுவுல யாரும் வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு அவளே தன் வெறுங்கரையைப் பார்த்துக்கொண்டாள். "நானும் தனியாத்தான் சுத்துறேன்" என்றான். "செத்துப்போகலை." பிறகு முன்பக்கமாகத் திரும்பி நடந்தான்.

வாலாட்டி அடுத்த தடவை வந்து திரும்பும்போது வடக்கே செய்தி கொண்டுபோயிற்று. அது போனபின் அதன் பிள்ளை, அதன் பிள்ளைக்குப் பிள்ளை. ஒவ்வொன்றும் ஐப்பசியில் வந்து குளத்தங்கரையில் இறங்கி, "நாள் ஞாபகம் இருக்குதாம்" என்று சொல்லும். சரஸ்வதிக்கு யாரும் செய்தி கொண்டுபோக முடியவில்லை. சின்னியே தன் அடி மண்ணிடம் சொன்னாள். மண் கேட்டதா, கேட்டு யாரிடமாவது சொன்னதா, தெரியாது.

காவிரிக்குக் குருவி தேவையில்லை. ஓர் ஆடியில் சின்னி குரலெடுத்துக் கத்தினாள். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"காதுல விழுந்துது. வர்றேன்னு நான் சொல்லலை."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சின்னி மீதிக் காலத்தைத் தள்ளினாள். இலை விழுந்தது. வட்டம் போயிற்று, வந்தது, அடங்கிற்று. வியாழன் வீடு வீடாக நடந்துகொண்டிருந்தான். சில மாதம் கண்ணுக்கே தெரியமாட்டான். அந்த மாதங்கள்தான் பெரிய பாடு. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, எங்கே இருந்தாலும், நின்று சில மாதம் பின்னால் நடந்து வருவான். இருக்கிறாயா என்று பார்க்கிற மாதிரி. அவள் இருந்தாள்.

சிங்க வீட்டுக்குக் கிழவன் வந்து சேர்ந்தான். மாசி பிறந்தது. நிலா வளர்ந்தது. ஒரு சாயங்காலம் கிழக்கே முழு நிலா எழுந்தபோது அதன் தோளை ஒட்டி அவன் நின்றான். கண் சிமிட்டவில்லை.

சின்னிக்கு மூச்சே இல்லை. ஒரு சிற்றலை கூட எழுப்பாமல் கிடந்தாள். எதுவும் கேட்கவில்லை. நேரம் போயிற்று. வராமல் போனால் இன்னும் ஒரு சுற்று. தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

விடிகிற நேரத்தில் வடகரையில் குளிர் தட்டிற்று.

"தூரம் கொஞ்சமாடி?" என்றாள் கங்கை. "எங்கே அவ?"

"இங்கேதான் நிக்கிறேன்" என்றாள் காவிரி. மடை வழியாக ஓசையில்லாமல் வந்து மூலையில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. "நீங்க வரமாட்டீங்கன்னு பாக்க வந்தேன்."

"நீ வரமாட்டேன்னு பாக்கத்தான் நானும் வந்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு காவிரிக்கு உதடு கோணிற்று. "எளைச்சுட்டியேக்கா" என்றாள். அதற்கப்புறம் யார் அழுதது, யார் திட்டினது என்று பிரிக்க முடியவில்லை. தண்ணீர் தண்ணீரோடு கலந்துவிட்டது. கோதாவரி வந்தாள். கரையோரமாகச் சுற்றப் போகாமல் நேராக நடுவில் வந்து விழுந்தாள். அவள் பேசின பேச்சை அதற்கு முன் ஒருத்தியும் கேட்டதில்லை. ஜனங்கள் தங்களிடம் கழுவிவிட்டுப் போன கள்ளம், கவலை, பிணச் சாம்பல், பிள்ளை இல்லாதவளின் கண்ணீர் என்று சுமந்து வந்ததை எல்லாம் ஒவ்வொருத்தியாக இறக்கி வைத்தார்கள்.

குளத்துக்கு நடுவே, அடியிலிருந்து, மணலைத் தள்ளிக்கொண்டு ஒரு ஊற்று கிளம்பிற்று. மெல்லிய குரல்.

"வருஷம் பொறந்துடுச்சா?"

"பொறந்துடுச்சுடி" என்றாள் கங்கை. "வா."

அதற்குள் கரையில் ஆட்கள். காவிரிக்கரைக்காரர்கள் விடியலில் எழுந்து பார்த்தால் ஆற்றில் வெறும் மணல். தண்ணீர் போன ஈரத்தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கோதாவரிக்காரர்கள் குருவி சொன்ன நாளைக் கேட்டு, தங்கள் ஆறு எங்கே போகிறது என்று பார்க்க முன்கூட்டியே மூட்டை கட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தார்கள். தெற்கே அரசலாற்றுக் கரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தையலு என்கிறவள் குடத்தோடு நின்றாள். எதிர்க்கரையில் அவள் அக்கா அமிர்தி. கல்யாணத்துக்குப் பின் பார்த்துக்கொண்டதில்லை. அமிர்தி வாழ்க்கைப்பட்ட ஊர் எங்கேயோ மேற்கே.

"அடியே, நீயா!" என்று தையலு குடத்தைப் போட்டாள். "செத்துட்டேன்னு சொன்னாங்களே உன்னை!"

"உன்னை யாரு நம்பச் சொன்னா? எறங்கி வாடி!"

சுற்றிக்கொண்டு போகப் பொறுக்காமல் இருவரும் புடவையோடு குளத்தில் இறங்கினார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் கட்டிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள்.

மறுநாள் எல்லோரும் போனார்கள். ஆறுகளும் போயின. போகும்போது காவிரி, "பன்னெண்டு வருஷம் ஒரு வருஷமா? தள்ளிடலாம்" என்றாள். கோதாவரி, "வர்றேன்" என்றாள். சரி என்று சொல்லவில்லை.

சின்னி மறுபடி தனியானாள். இலை விழுந்தது. வட்டம் கரைக்குப் போய்த் திரும்பிற்று. மேலே கிழவன் நிலாவை விட்டு விலகித் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். ஆனால் இப்போது அவள் காத்திருப்பதற்கு ஒரு நாள் இருந்தது. நாள் இல்லாமல் தனியாகக் கிடப்பது வேறு, நாளோடு கிடப்பது வேறு. அது கிடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த மாசி முதற்கொண்டுதான் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மகாமகம். அன்றைக்கு எல்லா ஆறும் அந்தக் குளத்துக்கு வருகிறது என்று ஜனங்கள் எல்லாத் திசையிலிருந்தும் போய் முழுகுகிறார்கள். ரொம்ப நாளாகப் பார்க்காதவரைப் பார்த்தால் ஒரு மாமாங்கம் ஆச்சே என்று இன்றைக்கும் வாயில் வருகிறது. அக்காமார் எல்லோருக்கும் ஒரே நாளைக் குறித்துக் கொடுத்தது மேகமும் இல்லை, நிலாவும் இல்லை. யாரும் இல்லை என்று ஒரு குளம் சொன்னதற்காகப் போகிற வழியில் நின்று திரும்பி வந்தானே, அந்த வியாழன்.